இருபத்திரண்டு தீர்ந்த கோடை

ஏப்ரல் 22, செவ்வாய்

இந்த நோட்டை எஸ்தர் சிஸ்டர் கொடுத்துவிட்டுப் போனார். மறுவாழ்வு மையத்திலிருந்து மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருகிற நர்ஸ். மூன்று வேளையும் என் வீட்டுக்காரரின் உடம்புச் சூட்டை இதில் எழுத வேண்டுமாம். "அன்னன்னைக்கு என்ன நடந்ததுன்னு ரெண்டு வரி எழுதும்மா, அடுத்த தடவ வந்து படிக்கிறேன்" என்றார். அவர் படிக்கப் போகிற நோட்டு என்பதால் கையெழுத்தைக் கொஞ்சம் பார்த்து எழுதுகிறேன்.

நான் ரேணுகா. வீட்டில் இருந்தபடி ஜாக்கெட் தைக்கிறேன். வீட்டுக்காரர் ஏகாம்பரம். வேலூரில் இருபத்தாறு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டின் மூன்றாவது மாடி சன்ஷேடில் கயிறு கட்டாமல் நின்று வெளி யூனிட்டை மாட்டிக்கொண்டிருந்தார். விழுந்தார். கழுத்தில் தண்டுவடம் போய்விட்டது. தோளும் முழங்கையும் கொஞ்சம் அசையும். விரல் அசையாது. மார்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை, வியர்வை உட்பட. நமக்கு வெயில் ஏறினால் வியர்த்து உடம்பு ஆறிவிடும். அவருக்கு ஆறாது. அறை எவ்வளவு சூடாகிறதோ உடம்பும் அதன் பின்னாலேயே ஏறும். வேலூர்க் கோடையை ஏசி இல்லாமல் அவர் தாண்ட முடியாது என்று சிஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஊரில் பாதிப் பேர் வீட்டைக் குளிர வைத்தவர். எங்கள் வீட்டில் இருப்பது யாரோ வேண்டாம் என்று கழற்றிப் போட்ட பதினாலு வருஷத்து மிஷின்.

காலை 98.2. மதியம் 98.8. சாயங்காலம் 98.6.

ஏப்ரல் 25, வெள்ளி

விளக்குகளைத் துலக்கிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார். "டூல்ஸ் பைல பெரிய ஸ்பானர் கீது. எடுத்துகினு பின்னாடி போ. வெளி யூனிட் சைடுல தடி பைப்பு ஏறுற இடத்துல ஒரு பித்தள நட்டு இருக்கும். இடப்பக்கமா கால் சுத்து டைட் பண்ணிட்டு வா. மிஷின் அதிர்ச்சில அது லூசாகும். வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம பண்ணிடு, விளக்கு துலக்குற அன்னைக்குன்னா மறக்க மாட்ட."

பாட்டில் மூடி வலப்பக்கம்தானே இறுகும் என்று கேட்டேன்.

"கேஸ் போற நட்டுக்கெல்லாம் மரை தலைகீழ்டி. இருபத்தாறு வருஷமா இத்ததான் பண்ணேன்."

சரி, தொழில் தெரிந்தவர். போய்த் திருப்பினேன். முதலில் அசையவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததும் கொடுத்தது. உள்ளே வந்து சொன்னபோது, "நல்லா இழுத்தியா?" என்றார். நல்லா இழுத்தேன் என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வேலை சொல்லி, நான் அதைச் செய்தது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

98.4. 98.8. 98.6.

ஏப்ரல் 29, செவ்வாய்

எட்டு ஜாக்கெட். ஒரு கல்யாண வீடு. தலைவலி.

98.4. 99. 98.8.

மே 2, வெள்ளி

விளக்கு துலக்கினேன். நட்டும் திருப்பினேன், இந்தத் தடவை சுலபமாக வந்தது. திருப்பும்போது உஸ் என்று ஒரு சின்னச் சத்தம் வந்து நின்றது. சொன்னேன். "அது காத்து அடங்குற சத்தம்" என்றார்.

பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் போன் செய்தார். இன்னமும் இவரிடம்தான் யோசனை கேட்கிறார்கள். போனை நான் காதோரம் பிடித்துக்கொண்டேன். கால் மணி நேரம் பேசினார். வைத்ததும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

98.6. 99.4. 99.2.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். நாங்கள் இருக்கிற காகிதப்பட்டறை ஏரியாவில் வீட்டுக்குப் பின்னால் மொட்டை மலை. பகல் முழுக்கப் பாறை குடித்த வெயிலை ராத்திரி நம் மேல் துப்பும்.

அறை குளிரவில்லை. மிஷின் ஓடுகிறது, காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லை. கட்டிலைத் திருப்பச் சொல்லி, காற்று கன்னத்தில் படுகிற மாதிரி வைக்கச் சொன்னார். விரலில் உணர்ச்சி இல்லாதவருக்குக் கன்னம்தான் கை. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "கேஸ் இறங்கிடுச்சி" என்றார். சொல்லும்போது முகத்தில் கவலையே இல்லை. எனக்கு எரிச்சல் வந்தது. ஊரான் வீட்டு மிஷின் என்றால் இந்நேரம் நாலு பேரைத் திட்டியிருப்பார்.

99. 100.2. 100.

மே 5, திங்கள்

பிச்சாண்டிக்குப் போன் பண்ணினேன். இவரோடு பதினைந்து வருஷம் சேர்ந்து தொழில் செய்தவர். இப்போது தனியாகக் கடை வைத்திருக்கிறார். அவர் வருவதற்குள் வெளி யூனிட்டைத் துடைத்து வைக்கச் சொன்னார் இவர். "அழுக்கா இருந்தா அவன் இன்னா நெனப்பான்?" என்றார். படுத்திருந்தாலும் கௌரவம் மட்டும் எழுந்து நிற்கும். துடைத்தேன். நட்டுக்குக் கீழே எண்ணெய்ப் பிசுக்கு. சோப்புப் போட்டுக் கழுவினேன்.

பிச்சாண்டி செக் பண்ண உட்கார்ந்ததும் உள்ளேயிருந்து குரல் வந்தது. "காயில்ல ஓட்டடா. நான் முன்னாடியே பாத்து வச்சது. நீ கேஸ மட்டும் போடு."

அண்ணன் சொன்னால் பிச்சாண்டிக்கு மறுபேச்சு கிடையாது. போட்டார். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "அண்ணி, இது இருபத்திரண்டாம் நம்பர் கேஸு. ஓசோனக் கெடுக்குதுன்னு கவர்மெண்ட்டு வருஷா வருஷம் குறைச்சிகினே வருது. முன்னாடி மாதிரி கெடைக்க மாட்டேங்குது. இப்பப் போட்டது எங்கிட்ட இருந்த கடைசி சிலிண்டர். இன்னொரு தடவ இறங்கினா எங்க போய் வாங்குறதுன்னு தெரியல. மிஷின மாத்திடுங்க."

காசு வாங்கவில்லை. வாங்கினால் எவ்வளவு என்று கேட்டேன். சொன்ன தொகையைக் கேட்டதும், வாங்கிக்கொள்ளச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை.

சாயங்காலம் அறை நன்றாகக் குளிர்ந்தது. 98.6. எனக்கு ஒரு வாரத் தூக்கம் பாக்கி இருக்கிறது.

மே 9, வெள்ளி

விளக்கு. நட்டு. சாம்பார் தீய்ந்துவிட்டது.

98.4. 98.8. 98.8.

மே 12, திங்கள்

மறுபடியும் போய்விட்டது. காலையிலேயே 100. மதியம் 102.4. ஏசிக் காற்று அடுப்படிக் காற்றாக வருகிறது. டேபிள் ஃபேனை வைத்து, வேட்டியை நனைத்து உடம்பெல்லாம் போர்த்தினேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை காய்கிறது, மறுபடி நனைக்கிறேன். அவருக்குக் கண் சொருகுகிறது. முகம் மட்டும் சிவந்து, உடம்பு உலர்ந்து, தொட்டால் சுடுகிறது.

நாலரை மணிக்கு எடுக்க வேண்டிய அளவை எழுதவில்லை. தூங்கிவிட்டேன்.

ஆறு மணிக்கு 103. கடையில் ஐஸ் வாங்கிக் கக்கத்தில் வைத்தேன். எட்டு மணிக்கு 101.

மே 13, செவ்வாய்

பிச்சாண்டி காலையிலேயே வந்தார். வேலூரில் எந்தக் கடையிலும் இருபத்திரண்டு இல்லையாம். ராணிப்பேட்டையில் ஒருவரிடம் ஒரு சிலிண்டர் வாங்கி வந்திருந்தார். கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். முள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. டப்பா புதுசு, உள்ளே கலப்படம். "இத்தப் போட்டா கம்ப்ரசரும் போயிடும் அண்ணி" என்று திரும்ப வண்டியில் கட்டினார். சில பேர் பழைய மிஷினில் சமையல் கேஸ் ஜாதியை அடைத்துவிடுகிறார்களாம், அதுவும் குளிரும். "நான் பண்ண மாட்டேன். அதுக்குன்னு செஞ்ச மிஷின் வேற. இதுல எங்கனா கசிஞ்சா, நீங்க விளக்கேத்துற ரூமு."

அப்புறம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இவரிடம் பேசினார். "அண்ணா, முப்பத்திரண்டாம் நம்பர் கேஸ்ல ஓடுற புது மிஷின் ஒன்னு போட்டுடலாம். கரண்டும் கம்மியா இழுக்கும்."

இவர் ஆரம்பித்தார். முப்பத்திரண்டு தீப்பிடிக்கும். காயில் தகடு மாதிரி இருக்கும், ஒரு வருஷம் தாங்காது. உள்ளே இருக்கிற போர்டு நம் ஏரியா வோல்டேஜுக்குப் பொசுங்கிவிடும். "அந்தக் கேஸையும் நாளைக்குக் கொறைக்கப் போறான். அப்ப இன்னொரு மிஷின் வாங்குவாளா இவ, ஜாக்கெட் தச்சி?"

பிச்சாண்டி எழுந்துகொண்டார். செருப்பு மாட்டும்போது மெதுவாகச் சொன்னார்: "அண்ணன் ஏன் இப்படிப் பேசுதுன்னு தெரியல அண்ணி. பத்து நாளைக்கு முன்னாடி பழைய கஸ்டமரு ஒருத்தரு அண்ணனுக்குப் போன் பண்ணாரு. அவருகிட்ட, பழசத் தூக்கிப் போடு, முப்பத்திரண்டு ரொம்ப நல்லா இருக்கு, பயப்படாதன்னு சொல்லியிருக்கு."

அந்தப் போனைக் காதோரம் பிடித்திருந்தது நான்தான். கேட்கவில்லை. கை வலியில் யார் பேச்சைக் கேட்பது?

100.6. 102. 101.4.

மே 14, புதன்

எஸ்தர் சிஸ்டர் போனில் பேசினார். அளவுகளைச் சொன்னேன். இன்னும் ஏறினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னார். பிறகு, "அவரு மனசு எப்படி இருக்கு, எதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டார். பிடிவாதம் வழக்கம்போல என்றேன்.

"என்ன விஷயத்துல பிடிவாதம்?"

"புது மிஷின் வேணாமாம்."

நாளைக்கு மறுநாள் வருகிறேன் என்றார் சிஸ்டர். மாதம் முடியவில்லையே என்றேன். பரவாயில்லை என்றார்.

102 மதியம். மற்றது எழுதத் தெம்பில்லை.

மே 16, வெள்ளி

விளக்கு துலக்கவில்லை. யாருக்கு நேரம்? ஆனால் பதினோரு மணிக்கு, நாக்கு உலர்ந்து கிடந்தவர், ஞாபகமாகக் கூப்பிட்டார். "ரேணு, இன்னைக்கு வெள்ளி. நட்டு."

மிஷினில் கேஸே இல்லையே, நட்டை இறுக்கி என்ன என்று கேட்டேன். "மிச்சம் கொஞ்சம் இருக்கும். போ."

ஸ்பானரோடு பின்னால் போய் நின்று திருப்பிக்கொண்டிருந்தேன். பிச்சாண்டி சந்து வழியாக வந்தார். சென்னையில் ஒரு சிலிண்டர் சொல்லி வைத்திருப்பதாக ஆரம்பித்தவர், என் கையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னா பண்றீங்க அண்ணி?"

"டைட் பண்றேன். வாராவாரம் பண்றதுதான்."

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம். கேஸ் நட்டுக்கு மரை தலைகீழாமே."

அவர் என் கையிலிருந்து ஸ்பானரை வாங்கி வலப்பக்கம் திருப்பினார். ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகப் போய் இறுகியது. நாலு வாரம், நாலு கால் சுற்று. நட்டுக்குக் கீழே எண்ணெய் மறுபடியும் வழிந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஏசி நட்டுக்கெல்லாம் நேர் மரைதான் அண்ணி" என்றார். "காயில்ல ஓட்டயே இல்ல. இங்கதான் போயிருக்கு. அண்ணனுக்கு இது..." தெரியாதா என்று கேட்க வந்து, கேட்க வேண்டியதில்லை என்று நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் சிஸ்டர் வந்தார். நோட்டைக் கேட்டார். தையல் துணிக்குள் எங்கேயோ போட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

மே 17, சனி

சிஸ்டர் உதவியில் இவரை வார்டில் சேர்த்திருக்கிறது. அங்கே ஏசி. 99.

நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மே 18, ஞாயிறு

இந்தப் பக்கத்தை யாருக்கும் காட்ட மாட்டேன்.

பக்கத்துக் கட்டில்காரர் ஸ்கேனுக்குப் போயிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நேர் மரைதானாமே என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். நான் எழுந்து போகவில்லை என்று தெரிந்ததும் திறந்தார்.

"கத்திரி கொண்டுபோயிடும்னு நெனச்சேன். வெயில் மேல யாரு கேஸ் போடுவான்? உனக்கு நாப்பத்தாறு வயசு ரேணு. பீ மூத்திரம் அள்ளிகினு இன்னும் எத்தன வருஷம்?"

"அதுக்கு என் கைதான் கெடச்சுதா?"

"எனக்குக் கை ஏது?"

"பிச்சாண்டிகிட்ட சொல்லியிருக்கலாமே. ரோட்டுல போறவங்கிட்ட சொல்லியிருக்கலாமே. விளக்கு துலக்குற கையால பண்ண வச்சீங்களே. நல்லா இழுத்தியான்னு வேற கேட்டீங்க!"

"உனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரியாமயே கொலகாரி ஆகியிருப்பேன். அது பரவாயில்லையா உங்களுக்கு?"

சத்தம் கேட்டு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அவர் அழுதார். கண்ணீர் காதுக்குள் போகிறது, அவரால் துடைக்க முடியாது. நான் துடைக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே விட்டேன். எனக்கு அவ்வளவு கோபம்.

வீட்டுக்கு வந்து இதை எழுதும்போது ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. பன்னிரண்டாம் தேதி நாலரை மணிக்குத் தூங்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறேன். தூங்கவில்லை. துணி காய்ந்துவிட்டது தெரியும். பக்கெட் காலடியில்தான் இருந்தது. ஆறு மணி வரை கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரைத் திட்டுகிற உரிமை எனக்கு எவ்வளவு இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை.

மே 20, செவ்வாய்

பிச்சாண்டியைக் கூப்பிட்டு டூல்ஸ் பையை எடுத்துப் போகச் சொன்னேன். வேக்கம் பம்ப், கேஜ், பற்றவைக்கிற செட், எல்லாம் நல்ல சாமான். அதற்கு என்ன கணக்கோ அதைப் புது மிஷினில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். மிச்சத்துக்கு என் வளையல்.

"அண்ணன் டூல்ஸ நான் எப்படி அண்ணி எடுப்பேன்?"

"எடு பிச்சாண்டி. ஸ்பானரையும் சேத்து."

தலையைக் குனிந்துகொண்டு எடுத்தார். எந்த மிஷின் என்று கேட்டார். இரண்டு சொன்னார்: முப்பத்திரண்டு ஒன்று, சமையல் கேஸ் ஜாதிக்கென்றே செய்தது ஒன்று. இரண்டாவது பூமிக்கு இன்னும் நல்லதாம். பூமி கொஞ்சம் பொறுக்கட்டும். எது நாளைக்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டேன். முப்பத்திரண்டு என்றார். அது போதும் என்றேன். பழையதைக் கழற்றிய இடத்தில் சுவரில் வெள்ளையாக ஒரு கட்டம்.

மே 21, புதன்

மிஷின் மாட்டியாயிற்று. மத்தியானம் இவரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆம்புலன்சிலிருந்து இறக்கும்போதே பார்த்துவிட்டார், வாசல் சுவரில் டூல்ஸ் பை தொங்குகிற ஆணி காலியாக இருப்பதை. சிஸ்டர் மனநல டாக்டருக்குத் தேதி வாங்கியிருக்கிறார், திங்கட்கிழமை.

அறை இருபத்தைந்து டிகிரியில் நிற்கிறது. 98.6.

சாயங்காலம் இட்லி. வாயைத் திறக்கவில்லை.

மே 22, வியாழன்

காலை கஞ்சி. திறக்கவில்லை. மதியம் ரசம் சாதம். திறக்கவில்லை. ஸ்பூனை உதட்டில் வைத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறார். அசைக்க முடிகிறதில் அவருக்கு மிச்சம் இருக்கிற பெரிய பொருள் அந்தத் தாடைதான், அதை வைத்துக்கொண்டு என்னோடு மல்லுக்கு நிற்கிறார். தண்ணீர் மட்டும் குடிக்கிறார், அதுவும் நான் அழுத பிறகு.

98.4. 98.6. 98.4. இவ்வளவு நல்ல அளவுகளை இந்த நோட்டில் எழுதியதே இல்லை.

மே 23, வெள்ளி

சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். நாளைக்கும் சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போடுவார்களாம்.

மதியம் தயிர் சாதம் பிசைந்து எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் உட்கார்ந்தேன். கெஞ்சவில்லை, திட்டவில்லை, இரண்டும் தீர்ந்துவிட்டன. கையில் உருண்டையோடு சும்மா உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தயிர் சாதம் கையிலேயே காய ஆரம்பித்தது. வெளியே யூனிட் ஓடி, நின்று, மறுபடி ஓட ஆரம்பித்தது.

அவர் புருவம் சுருங்கியது. தலையைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பிக் கேட்டார். அடுத்த தடவை யூனிட் கிளம்பியபோது மறுபடியும் அதே சுருக்கம். உள்ளுக்குள் எதையோ அடக்கிக்கொள்வது தெரிந்தது. மூன்றாவது தடவை அடக்க முடியவில்லை.

"ஸ்டாண்டு அதிருது. கேக்கல? பிச்சாண்டி ரப்பர் வைக்காம மாட்டிட்டுப் போயிருக்கான். இத்தன வருஷம் எங்கூட இருந்து இன்னா கத்துகினான் அவன்..."

வாய் திறந்திருந்தது. உருண்டையை உள்ளே வைத்துவிட்டேன்.

என்னை முறைத்தார். துப்புவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கன்னத்தில் அதக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மென்றார். விழுங்கினார்.

நாளைக்கு என்ன செய்வாரோ, எனக்குத் தெரியாது. அடுத்த உருண்டையை உருட்டிக்கொண்டே, அந்த ரப்பர் எத்தனை வைக்க வேண்டும், எங்கெங்கே வைக்க வேண்டும் என்று கேட்டேன்.